மூன்று மொழியும் முதலுதவியும்



விடிந்தால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பஸ் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. போகட்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் அஞ்செட்டி மலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், தளி ரோட்டில் பைக் சரிந்தால், ராகிக் காவலுக்குப் போனவரை யானை அடித்தால், நாம் கூப்பிடுவது 108 ஆம்புலன்ஸை. அந்த வண்டியில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாரே மருத்துவ உதவியாளர், அந்த இடத்துக்கு நம் ஊர்ப் பிள்ளை படித்து வர வேண்டும். அதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன்.

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், ஏ.என்.எம். (துணைச் செவிலியர்), டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் பட்டயம்) படித்தவர்களை எடுக்கிறார்கள். பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் முடித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறினால் 50 நாள் பயிற்சி: வகுப்பறையில், ஆஸ்பத்திரியில், ஆம்புலன்ஸில்.

அங்கே என்ன கற்கிறார்கள்? இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தக் கற்கிறார்கள். பாம்பு கடித்த காலைக் கீறாமல், கயிறு போட்டு இறுக்காமல், அசையவிடாமல் கொண்டுவரக் கற்கிறார்கள். வழியிலேயே பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்துச் சூடு காக்கக் கற்கிறார்கள்.

இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. ஆனால் நம் பக்கத்து வீட்டுக்கு வண்டி போனால், பாட்டி கன்னடத்தில் முனகுவாள், மருமகள் தெலுங்கில் பதறுவாள், பேரன் தமிழில் வழி சொல்லுவான். எங்கே வலி, எப்போது கடித்தது, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று மூவரிடமும் அவரவர் பேச்சிலேயே கேட்டறிய 50 நாளில் யாரால் கற்றுத்தர முடியும்? மூன்று மொழியும் புழங்கும் இந்த எல்லையில் பிறந்த நம் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

சொந்த ஊர்ப் பிள்ளைகளே ஆம்புலன்ஸில் ஏறிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பிறந்தது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் பயிற்சி தந்தார். சொந்தத் தெருவைக் காக்கப் புறப்பட்ட அவர்கள், அந்த நாட்டின் முதல் பாராமெடிக்குகளில் இடம்பெற்றார்கள். அவர்கள் தெருவுக்குச் செய்ததை நாம் மலைக்குச் செய்ய முடியாதா?

வேலை கடினம்தான். ராத்திரி ஷிஃப்ட் உண்டு, ரத்தம் பார்க்க வேண்டும். இருந்தாலும் பெற்றோரே, மகனை அனுப்புங்கள்; மகளையும் தயங்காமல் அனுப்புங்கள். பிரசவத்துக்குப் போகும் வண்டியில் நம் மொழி பேசும் பெண் ஒருத்தி இருந்தால், மலையிலிருந்து இறங்கும் தாய்க்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்!