கண்மாய்ச் சேற்றையும் சோதிக்க வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்றதும் மூவர் கோவில்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நான் இன்று பேசப்போவது அந்த வட்டாரத்துக் கண்மாய்களின் அடிச்சேற்றைப் பற்றி.

மழைத் தண்ணீர் தேங்கிச் சில வாரம் ஆனதும், கரையோரச் சேற்றில் ஒரு கைப்பிடி அள்ளிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றித் தெளியவிடுங்கள். கடுகில் பாதி இருக்கும் மணிகள் அடியில் குடுகுடுவென ஓடுவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். தொட்டால் இரண்டு ஓடுகளையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆஸ்ட்ரகாட் என்னும் இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. பாசியையும் மக்கியதையும் தின்னும், மீன்குஞ்சுக்கு இரையாகும். இவற்றில் சில இனங்களின் முட்டை, கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்தாலும் சாகாமல் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். புதுக்கோட்டைச் சீமைக்கென்றே பிறந்த உயிர் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த உயிர் பூச்சிமருந்துக்குத் தாங்காது. பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கும் சைபர்மெத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்குவது. நண்டு, இறால் இனங்களையும் அப்படியே தாக்கும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. மண்துகளில் ஒட்டிக்கொண்டு, மழைவெள்ளத்தோடு கண்மாய்க்கு வந்து அடியில் படியும். ஆஸ்ட்ரகாட் மேய்வது அந்த மண்ணைத்தான். மீன் செத்து மிதந்தால் ஊரே கூடும். இது செத்தால் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் போதாது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது நமக்குத் தெரியும். தண்ணீரைத் திறந்துவிட்டாலும் அடியில் படிந்த கழிவு கூடவே போய்விடுவதில்லை.

சேற்றைச் சோதிக்க ஆஸ்ட்ரகாட்டே உதவுகிறது. 2012-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14371 என்ற சர்வதேச முறைப்படி, காய்ந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சேற்று மாதிரியில் 6 நாள் விடுகிறார்கள். எத்தனை செத்தன என்று எண்ணுவதோடு, பிழைத்தவை எவ்வளவு வளர்ந்தன என்றும் அளக்கிறார்கள். கொல்லாத நஞ்சும் வளர்ச்சியைக் குறுக்கிவிடும். அதுவும் இதில் பிடிபடும்.

கண்மாய் வண்டலை வயலுக்கு அள்ளுகிறோம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கிற கண்மாயாக இருந்தால், அள்ளுவதற்கு முன்பே சேற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதிரி எடுக்கும்போது வரத்துக்கால் வந்து சேரும் வாயருகிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஓடிவரும் தண்ணீர் வேகம் குறைந்து, சுமந்துவந்த மண்ணை இறக்கத் தொடங்குவது அங்கேதான்.