பனி ஏன் சிவந்தது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1818 ஆகஸ்டில் கேப்டன் ஜான் ராஸின் கப்பல்கள் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையோரம் போனபோது, மலைச்சரிவில் கிடந்த பனி சிவப்பாக இருந்தது. அள்ளி உருக்கிப் பார்த்தால் திராட்சை மது மாதிரி தண்ணீர்! வானத்திலிருந்து விழுந்த இரும்பாக இருக்கலாம் என்று லண்டன் 'டைம்ஸ்' எழுதியது. இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பாசிதான்.

ரெக்கார்டு நோட்டில் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தோமே கிளாமிடோமோனாஸ், அதற்குச் சொந்தக்காரன் இது. வெகுகாலம் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்றே எழுதிவந்தோம். மரபணுவைப் பார்த்தபிறகு 2019இல் சாங்குயினா என்று தனிப் பேரினமே ஆக்கிவிட்டார்கள். சிவப்புக்குச் சாங்குயினா நிவலாய்டிஸ், ஆரஞ்சுக்குச் சாங்குயினா ஆரன்ஷியா. தம்பிகளே, பழைய கைடை நம்பாதீர்கள்!

பச்சைப் பனியும் உண்டு. குளோரோமோனாஸ் போன்றவை, பனித்துகள்களுக்கு நடுவே கொஞ்சம் நீர் கசிந்தால் போதும், இரண்டு கசையிழைகளை வீசி நீந்தக் கிளம்பிவிடும். பிறகு கசையிழையை உதறிவிட்டு, கெட்டிச் சுவர் கட்டிக்கொண்டு சிஸ்ட் ஆகிவிடும்.

சிவப்புச் செல்லிலும் பச்சையம் இருக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற நிறமி அதை மறைத்துவிடுகிறது. இறால் வெந்ததும் சிவக்கிறதே, அதே நிறமிதான். பனிவெளியின் கடும் வெயிலுக்கும் புறஊதாக் கதிருக்கும் இந்தப் பாசி பிடிக்கிற குடை அது.

சங்கடம் அங்கேதான். வெள்ளைப் பனி திருப்பி அனுப்பிவிடும் ஒளியை இந்தச் சிவப்புக் குடை வாங்கிக்கொள்கிறது. பனி சீக்கிரம் உருகுகிறது. பாசிக்கு அதனால் தண்ணீர் கிடைக்கிறது, இன்னும் பெருகுகிறது, இன்னும் உருகுகிறது. ஆர்க்டிக் பகுதியில் ஒரு பருவத்தில் பனியின் ஒளி திருப்பும் திறன் 13 சதவீதம் வரை குறையலாம் என்று 2016இல் கணக்கிட்டார்கள். அலாஸ்காவின் ஹார்டிங் பனிவெளியில், பாசி படர்ந்த இடங்களில் உருகியதில் 17 சதவீதம் இந்த நுண்ணுயிர்களால் என்றது 2017 ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் செய்கிற காரியத்தைப் பாருங்கள்!

அண்டார்டிகத் தீபகற்பத்தில் செயற்கைக்கோள் மூலம் 1,679 பச்சைப் பனித் திட்டுகளை எண்ணி 2020இல் வெளியிட்டார்கள். பல திட்டுகள் பென்குயின் குடியிருப்புகளை ஒட்டியே இருந்தன, எச்சம்தான் உரம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் திட்டுகள் தாழ்வான சின்னஞ்சிறு தீவுகளில் உள்ளன. கோடையில் அங்கே பனி மொத்தமும் உருகிவிட்டால், மேலே ஏறிப் பிழைக்க மேடு கிடையாது. பெரிய நிலப்பரப்பில் இருப்பவை உயரத்துக்குப் பரவலாம். இவற்றுக்கு அந்த வழியும் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.