பிழைக்குப் பின்னால் இருக்கும் தமிழ்

(ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணம் என்றதும் நம்மில் பலருக்கு நவுன், புரோநவுன், வெர்ப் என்ற பட்டியல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை 'எ நவுன் இஸ் எ நேமிங் வேர்டு' என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதே குழந்தையிடம் 'வேர் இஸ் யுவர் பேக்?' என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பெயர்களெல்லாம் ஆறாம் வகுப்பில் வந்தாலும் குடிமுழுகிப் போகாது என்பது என் கருத்து. அதைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. குழந்தை நோட்டில் எழுதும் பிழைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

'திஸ் மை ஹவுஸ்.' இந்த வாக்கியத்தைத் திருத்தாத ஆசிரியர் யாரும் இங்கே இருக்கமாட்டீர்கள். 'இஸ்' விட்டுப்போச்சு, எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொள்கிறோம். குழந்தை எதையும் விடவில்லை. 'இது என் வீடு' என்பது முழுமையான தமிழ் வாக்கியம். அதில் வினைச்சொல் கிடையாது. பெயர்ப் பயனிலை என்று நாமே தமிழ்ப் பாடவேளையில் நடத்துகிறோம். மூன்று சொல்லில் முடிகிற ஒன்றுக்கு நான்காவதாக ஒரு சொல் எதற்கு என்று குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்காது. கரும்பலகையில் 'இது என் வீடு' என்று எழுதி, அதன் கீழே 'திஸ் இஸ் மை ஹவுஸ்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் அதன் ஜோடியைக் கோடு போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜோடியில்லாமல் நிற்கும் சொல்லைக் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கில வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் நிற்காது, அதனால் இதை நட்டு வைக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஐ ஆம்' என்பதை மட்டும் வாரக்கணக்கில் பாட்டாகப் பாட வைத்தால், வேறொரு பிழை முளைக்கும். 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று எழுதுவார்கள். 'ஐ ஆம்' என்பதையே 'நான்' என்பதற்கான ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள்.

அடுத்தது 'எனக்கு'. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், எனக்கு மாம்பழம் பிடிக்கும், எனக்கு அது தெரியும். ஐந்தும் நான்காம் வேற்றுமையில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் ஐந்தும் 'ஐ' என்று தொடங்கும். ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் ஃபீவர், ஐ ஹேவ் எ சிஸ்டர், ஐ லைக் மேங்கோஸ், ஐ நோ இட். அகராதியில் 'எனக்கு' என்றால் 'டு மீ' என்று இருக்கிறது. குழந்தை அதை நம்பி 'மீ ஒன் சிஸ்டர்' என்று எழுதினால் அது குழந்தையின் சோம்பல் இல்லை. தமிழில் பசியும் காய்ச்சலும் தங்கையும் நம்மிடம் வருகின்றன, ஆங்கிலத்தில் அவற்றை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஐந்து வாக்கியங்களையும் சேர்த்து ஒரே நாளில் நடத்துங்கள். தனித்தனியாக ஐந்து பாடத்தில் வந்தால் தொடர்பு தெரியாது. 'எனக்குக் கொடு' என்பது மட்டும் 'கிவ் மீ' ஆகுமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் உங்கள் பாடம் வெற்றி.

இரண்டாம் வேற்றுமைக்கு வருகிறேன். ராஜா மீனாவைக் கூப்பிட்டான், மீனாவை ராஜா கூப்பிட்டான். சொற்களை இடம் மாற்றினாலும் கூப்பிட்டது ராஜாதான். 'ஐ' என்ற உருபு காவல் இருக்கிறது. (ஆங்கில 'ஐ' அல்ல, நம்முடைய 'ஐ'.) ஆங்கிலத்தில் அந்தக் காவல் இல்லை. 'ராஜா கால்ட் மீனா' என்பதைத் திருப்பிப் போட்டால் கூப்பிட்டவர் மீனா ஆகிவிடுவார். மூன்று அட்டைகள், மூன்று பிள்ளைகள், வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து இடம் மாற்றினால் போதும். உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது என்பதை அவர்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

அதே உருபு இன்னொரு உதவியும் செய்யும். 'எ', 'தி' இரண்டையும் எப்போது போடுவது என்பது உயர்நிலை வகுப்பு வரை தீராத தலைவலி. 'நேற்று புத்தகம் படித்தேன்', 'நேற்று புத்தகத்தைப் படித்தேன்'. இரண்டாவதைச் சொன்னால் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது 'ஐ ரெட் எ புக்', இரண்டாவது 'ஐ ரெட் தி புக்'. இது எல்லா இடத்திலும் பொருந்தாது. உயிருள்ளவை வந்தால் 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்று 'ஐ' பெரும்பாலும் வந்தே தீரும். ஆனாலும் 'கேட்பவருக்கு எது என்று தெரியுமா' என்ற கேள்வி குழந்தைக்குப் புதிதல்ல, தமிழில் தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறது.

எல்லாப் பிழைக்கும் தமிழைக் காரணம் காட்டிவிட முடியாது. 'ஷி சிங்' என்று எழுதுகிறார்கள். பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறாள், பாடுகிறது என்று ஆளுக்கேற்ப விகுதியை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு 'ஷி சிங்ஸ்' ஏன் வரவில்லை? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் அது சீக்கிரம் வருவதில்லை. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 'இங்' விகுதி முதலில் வருகிறது, பன்மை 'ஸ்' அடுத்து ஓரளவு சீக்கிரம் வருகிறது, வினையில் ஒட்டும் இந்த 'ஸ்' வெகு பின்னால்தான் வருகிறது என்று அவர் கண்டார். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. 'பாய்ஸ்' என்றால் பலர் என்று படித்துவிட்டு, 'ஸ்' வந்தாலே பலர் என்று நினைத்து 'பாய்ஸ் பிளேஸ்' என்று எழுதுகிறார்கள். ஆகவே மூன்றாம், நான்காம் வகுப்பில் இந்த 'ஸ்'ஸுக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நீங்கள் பேசும்போது சரியாகப் பேசுங்கள், காதில் விழட்டும். ஆறாம் வகுப்பில் வற்புறுத்தலாம்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். தன் அம்மாவைப் பற்றிப் பத்து வரி சொந்தமாக எழுதியிருந்தாள். பத்து வரியிலும் சிவப்பு. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் பிழையே இல்லை. கரும்பலகையில் இருந்ததை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். சொந்தமாக ஒரு வரிகூட இல்லை. அடிக்கப்பட்ட அந்தப் பத்து வரியில் ஆறு, 'இஸ்' இல்லாதவை. ஒரே பாடத்தில் தீர்ந்திருக்கும்.

பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-லேயே எழுதிவிட்டார்: கற்பவரின் பிழைகள் ஒழுங்கற்றவை அல்ல, அவர் மனதில் அப்போது இருக்கும் விதியைக் காட்டுகின்றன. கைதவறி வருவது வேறு, திரும்பத் திரும்ப வருவது வேறு. திரும்பத் திரும்ப வருவதைத்தான் நாம் படிக்க வேண்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் பிள்ளை எப்போதுதான் ஆங்கிலத்தில் சிந்திக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லும் பழக்கத்தை நானும் ஆதரிக்கவில்லை. அப்படிச் செய்தால் பிள்ளை ஆங்கில வரியைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கும். நான் கேட்பது நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம். மீதி நேரம் ஆங்கிலத்தில் வேலை நடக்க வேண்டும். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் நடத்திய முயற்சியில் இலக்கண விதிகளையே நடத்தவில்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது என்று வேலை கொடுத்தார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்கு யாராவது சுட்டிக்காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பேருந்து நேரப் பலகையே போதும்.

தொடக்கப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் கையில் இருக்கின்றன. காலையில் வேற்றுமை நடத்தியவரே மதியம் 'ராஜா கால்ட் மீனா' நடத்தலாம். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் பத்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும்.

உங்களைப் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். இப்போது எடுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். பேனா வேண்டாம், பென்சில். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், எழுதும்போது அந்தப் பிள்ளை மனதில் இருந்திருக்கக்கூடிய தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள். எந்தத் தமிழும் பொருந்தாத பிழைகளை வட்டமிட்டு வையுங்கள். உணவு இடைவேளைக்குப் பிறகு அவற்றிலிருந்து தொடங்குவோம்.