ஒரு கையொப்பமும் ஒரு வழக்கும்



ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறிவிடும் என்பதைக் கவிஞர்கள் நன்கறிவார்கள். அரசு ஆவணங்களிலும் அவ்வாறே. அங்கே மாறுவது பொருள் மட்டுமன்று, மனித வாழ்வும்கூட. அத்தகைய ஒரு வரிக்குக் கையொப்பமிட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் நியாயத்தை வினவியவர் சி. பி. முத்தம்மா. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி இவரே.

குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் முத்தம்மா. வனத்துறை அலுவலரான தந்தையை ஒன்பதாம் வயதில் இழந்தார். நான்கு மக்களையும் படிக்க வைத்தே தீர்வது என்று உறுதிபூண்டார் அன்னை. மடிக்கேரியில் பள்ளிக் கல்வி முடித்த மகள், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டமும் பெற்றார். இலக்கிய மாணவியாகச் சென்னை கண்ட அவரே 1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்று, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

வாயில் எளிதில் திறந்துவிடவில்லை. நேர்முகத் தேர்வின்போதே, இப்பணி வேண்டாமென்று அவர் மனத்தை மாற்ற முயன்றனர். திருமணம் செய்துகொண்டால் பணியைத் துறப்பேன் என்று உறுதிமொழியும் எழுதி வாங்கினர். ஆடவர் எவரிடமும் கேட்கப்படாத உறுதிமொழி அது. முத்தம்மா கையொப்பமிட்டார், பணியாற்றினார், மணம் புரியவில்லை.

பாரிசு, இரங்கூன், இலண்டன் எனப் பணி தொடர்ந்தது. 1970இல் அங்கேரி நாட்டுத் தூதரானார். விசயலட்சுமி பண்டிட் 1947லேயே மாஸ்கோவில் தூதராக இருந்தவர். ஆயின் அவர் அரசியலிலிருந்து வந்தவர். பணித் துறையிலேயே படிப்படியாக உயர்ந்து தூதரான முதற் பெண் முத்தம்மாவே. பின்னர்க் கானா நாட்டிலும் தூதராக விளங்கினார்.

உயர் நிலைப் பதவி உயர்வு வந்தபோது அவரை விலக்கி, அவருக்கு இளையோரை உயர்த்தினர். அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். தம் பதவி உயர்வோடு அவர் நிற்கவில்லை. திருமணத்திற்குப் பெண் அலுவலர் அரசின் எழுத்து மூலமான இசைவைப் பெறவேண்டும் என்ற விதியையும், மணமான பெண்ணுக்கு இப்பணியில் நியமனம் பெற உரிமையில்லை என்ற விதியையும் கேள்விக்குள்ளாக்கினார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே அரசு அவருக்குப் பதவி உயர்வை அளித்தது. ஒரு விதி முன்னரே நீக்கப்பட்டதென்றும், மற்றொன்று நீக்கப்பட்டு வருகிறதென்றும் அரசுத் தரப்பு கூறியது.

1979 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அமர்வு தீர்ப்பு வழங்கியது. குடும்பக் கடமை பெண்ணின் பணிக்குத் தடையாகுமெனில் ஆணின் பணிக்கும் தடையாகாதோ என்று வினவியது அத்தீர்ப்பு. இழந்த பணிமூப்பை மறுஆய்வு செய்யவும், பாலின வேற்றுமையின் கறையை விதிகளிலிருந்து களையவும் அரசைப் பணித்தது. மனு தள்ளுபடியாயிற்று, எனினும் அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது. ஏட்டளவில் தோற்று, நாட்டளவில் வென்ற வழக்கு இது எனலாம்.

அதன்பின் நெதர்லாந்தில் தூதராயிருந்து 1982இல் ஓய்வு பெற்றார். ஆயுதக் குறைப்புக்கென அமைந்த ஒலாஃப் பால்மே ஆணையத்திலும் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றார். குடகுச் சமையலைப் பற்றி நூலொன்றை இணைந்து எழுதியவரும் அவரே. பிறந்த மண்ணின் சுவையை உலகைச் சுற்றியவர் மறக்கவில்லை.

2009 அக்டோபரில் பெங்களூரில் அவர் மறைந்தார். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர்தான் நிருபமா ராவ் வெளியுறவுச் செயலராகப் பொறுப்பேற்றிருந்தார். 2001இல் அப்பொறுப்பை ஏற்ற சொகிலா ஐயரை அடுத்து, அந்நாற்காலியில் அமர்ந்த இரண்டாம் பெண்மணி அவர். மணமானவர், கவிதை நூல் வெளியிட்ட கவிஞரும் ஆவார்.

ஒருவர் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்துக் கையொப்பமிட்ட வரி, அடுத்து வந்தோர்க்கு இல்லாமற் போயிற்று. புதிய வரிகளை எழுதுவது மட்டுமன்று, தீய வரியொன்றை அழிப்பதும் எழுத்துப் பணியே. முத்தம்மா அப்பணியைச் செய்தவர்.