மூன்று வாயில்களும் ஒரு திரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அகத்தியர் பெயர் தாங்கிய மலையின் அடிவாரத்தில், பொன்முடிச் சாரலில், வித்துராவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் நன்னாள் இது. இந்நாளில் இலக்கியம் பேசாது கைபேசிப் படத்தைப் பற்றிப் பேச வந்தானே என்று சிலர் வியக்கலாம். ஆனால், நம் விழாக்களை நம் பேரப்பிள்ளைகள் அறியப்போவது பெரும்பாலும் அந்தச் சிறு திரையின் வாயிலாகத்தான். அத்திரையில் யார் நிற்கிறார், யார் விடுபடுகிறார் என்பது நம் கவலைக்குரிய பொருளே ஆகும்.

திரைப்படக் கலை நெடுங்காலம் அகலத்தை நாடியே வளர்ந்தது. 1953இல் ‘தி ரோப்’ என்னும் ஆங்கிலப் படம் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்தது. 1973இல் ‘ராஜராஜ சோழன்’ அவ்வகலத்தைத் தமிழுக்குத் தந்தது. 1978இல் ‘தச்சோளி அம்பு’ மலையாளத்துக்குத் தந்தது. பின்னர்க் கைபேசி வந்தது, போக்கு மாறியது. கைபேசியை நிமிர்த்திப் பிடிப்பதே கைக்கு எளிது. ஆகவே படமும் நிமிர்ந்து நின்றது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. இன்று வீடுதோறும் நெடுக்குப் படமே ஆட்சி செய்கிறது.

அகலப் படத்தை நெடுக்குப் படமாக்குவது எங்ஙனம்? இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தொலைக்காட்சிக்கு உரிய படம் அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு. கைபேசிக்கு உரிய படம் அகலம் 9 பங்கு, உயரம் 16 பங்கு. முதற்படத்தின் உயரத்தைக் குறைக்காமல் இரண்டாம் வடிவுக்கு வெட்டினால், 1920 புள்ளி அகலத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 607 புள்ளிகளே. மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை! சினிமாஸ்கோப் படமாயின் நான்கில் ஒரு பங்கும் தேறாது.

அந்த ஒரு பங்கு எது என்பதைத் தெரிந்தெடுப்பவர் யார்? முன்னாளில் படத்தொகுப்பாளர் தெரிந்தெடுத்தார். இந்நாளில் செயற்கை நுண்ணறிவு தெரிந்தெடுக்கிறது. 2019இல் அடோபி நிறுவனம் தன் பிரீமியர் புரோ மென்பொருளில் இதற்கென ஒரு வசதியைச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் ஆட்டோஃபிளிப் என்னும் கருவியை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. ஆட்டோஃபிளிப் தொழிற்படும் முறை இது: காட்சி மாறும் இடங்களை முதலில் பிரித்தறியும், ஒவ்வொரு காட்சியிலும் முகங்களையும் அசையும் பொருள்களையும் தேடும், அவற்றுள் முதன்மையானவற்றைக் கணிக்கும், பின்பு வெட்டும் சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தும், அல்லது அப்பொருளின் பின்னே குலுக்கமின்றி நகர்த்தும். பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிகிறது. ஒருவர் நின்று சொற்பொழிவாற்றும் படமாயின் இதனினும் நல்ல துணை வேறில்லை. அதனை நான் குறை கூறவில்லை.

ஆனால், நம் கலைகள் ஒருவர் கலைகளா? வில்லுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நீண்ட வில்லின் நடுவே புலவர் அமர்கிறார். ஒரு பக்கம் குடம், மறு பக்கம் உடுக்கை, அருகே பின்பாட்டுக்காரர். கருவி புலவர் முகத்தைப் பற்றிக்கொள்கிறது. ‘ஆமாம்’ என்னும் குரல் கேட்கிறது, சொன்னவரைக் காணோம். குடத்தின் ஓசை எழுகிறது. அடித்த கையைக் காணோம். வில்லே பாதியாய் முறிந்து நிற்கிறது! கும்மியோ வட்டத்தில் வாழும் கலை.  கருவி ஒரு முகத்தைப் பின்தொடர்ந்தால் வட்டம் மறைகிறது; வட்டம் மறைந்தபின் கும்மி ஏது?

இச்சிக்கலை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். இங்கிருந்து சென்று காணத்தக்க தொலைவிலே, நம்மாழ்வார் பாடிய திருவனந்தபுரத்தில் பத்மநாபர் பள்ளிகொண்டிருக்கிறார். கிடந்த கோலம் நீண்டது, வாயிலோ நெடுக்கானது. அவர்கள் திருமேனியைச் சுருக்கவில்லை. ஒரு பகுதியைக் காட்டி மறு பகுதியை மறைக்கவும் இல்லை. மூன்று வாயில்கள் அமைத்தார்கள். ஒன்றில் திருமுகம், நடுவில் உந்தித் தாமரை, மற்றொன்றில் திருவடி. வழிபடுவோர் மூன்றையும் கண்டு, முழுமையை உள்ளத்தில் கூட்டிக்கொள்கின்றனர். சமயம் எதுவாயினும், கலைஞன் கற்கத்தக்க பாடம் இது. குறுகிய வாயில் குற்றமன்று. ஒரே வாயிலோடு நின்றுவிடுவதே குற்றம்.

ஆகவே, நம் இளைஞர்க்குச் சில வேண்டுகோள்கள். அகலமாக எடுத்த மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். வெட்டிய படத்திலிருந்து விடுபட்ட முகத்தை எக்கருவியாலும் மீட்க இயலாது. கருவி வெட்டித் தந்ததை முழுதும் பார்த்தபின்னரே பிறர்க்கு அனுப்புங்கள். குழுவாக ஆடும் இடத்தில் மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, முழுக் காட்சியையும் சிறிதாகவேனும் வைத்திடுங்கள். அல்லது முகம், கை, கால் என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, இறுதியில் முழு அரங்கையும் காட்டுங்கள். அண்மைக் காலத்துக் கருவிகள் சில, வெட்டுவதற்கு மாறாக, மேலே வானத்தையும் கீழே தரையையும் தாமே புனைந்து ஒட்டுகின்றன. கற்பனைப் படத்துக்கு அது பொருந்தலாம். நம் விழாவின் பதிவுக்கு அது வேண்டா. இல்லாததைச் சேர்ப்பது வரலாறு ஆகாது.

1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைக் கோடு வரையப்பட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அப்பால் சேர்ந்தன. இம்மலையடிவாரம் இப்பால் நின்றது. கோட்டின் ஓரத்தில் வாழ்வது எத்தகையது என்பதை நம்மைப் போல் அறிந்தவர் சிலரே. அத்தகைய நாம் நம் படங்களில் ஓரத்தில் நிற்பவரை வெட்டி எறியலாமா? பின்வரிசையில் நின்று பாடும் மூதாட்டியும், திரைச்சீலை இழுக்கும் சிறுவனும் இச்சங்கத்தின் உறுப்பினர் அல்லரோ? முகத்தைக் கருவி கண்டுபிடிக்கட்டும். அம்முகம் யாருடைய தாய் என்பதை நாமே அறிவோம். தெரிந்தெடுக்கும் பொறுப்பும் நம்முடையதாகவே இருக்கட்டும்!