குருத்தோலையும் கடற்கரையும்: யான் வான் ஸ்கோரலின் வாழ்க்கை



டச்சு ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ரெம்பிராண்ட். அவருக்கு நூறாண்டுக்கு முன்பே எருசலேமுக்குத் திருப்பயணம் போய்வந்து, ஓவியராகவும் ஆலய அதிகாரியாகவும் நில உரிமையாளராகவும் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் யான் வான் ஸ்கோரல்.

1495-ல் அல்க்மாருக்கு அருகே ஸ்கோர்ல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு குருவானவர். குருக்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது; திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்தவர்களுக்கு அன்றைய சமூகம் எளிதில் இடம் தராது. ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் யாகோப் கார்னெலிஸிடம் தொழில் கற்றார். பிறகு நியூரம்பர்கில் ஓவியர் ட்யூரரைக் கண்டுவிட்டு, ஆல்ப்ஸ் மலை வழியாக வெனிஸ் சேர்ந்தார். 1520-ல் அங்கிருந்து திருப்பயணிகளோடு கப்பலேறினார். எருசலேம் உஸ்மானியர் கைக்கு வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

புனித மண்ணை முத்தமிட்டுத் திரும்பியவர்கள் பலர். ஸ்கோரல் அதோடு நகரத்தையும் வரைந்துகொண்டு வந்தார். அந்தக் கோட்டோவியங்களைக் கொண்டு, உட்ரெக்டின் ஆலய முதல்வர் ஹெர்மன் வான் லோக்ஹார்ஸ்டுக்காக ஒரு பலிபீட ஓவியம் தீட்டினார். இயேசு கழுதை மேல் அமர்ந்து ஒலிவ மலையிலிருந்து இறங்குகிறார். கீழே விரியும் எருசலேம் கற்பனை நகரமல்ல. பாறைக் குவிமாடம் தன் இடத்தில் நிற்கிறது. இன்று நாம் காணும் மதில்களை சுல்தான் சுலைமான் கட்டியது அதற்குப் பின்னர்தான். ஆகவே இந்த ஓவியம் வரலாற்றுச் சான்றும்கூட.

திரும்பும் வழியில் ரோம். உட்ரெக்டில் பிறந்த ஆறாம் ஏட்ரியன் 1522-ல் திருத்தந்தையானார். தம் நாட்டவரான ஸ்கோரலுக்கு வத்திக்கானின் பெல்வெடேர் கலைச் சேகரிப்பைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். ரஃபேல் வகித்த பொறுப்பு அது. மறு ஆண்டே ஏட்ரியன் இறக்க, ஸ்கோரல் தாயகம் திரும்பினார். 1528-ல் உட்ரெக்டின் மரியா ஆலயத்தில் 'கானன்' ஆனார். மானியமும் மதிப்பும் உள்ள பதவி அது. ஆனால் மணம் செய்துகொள்ள முடியாது. இருந்தும் அகதா வான் ஸ்கூன்ஹோவன் அவருக்கு ஆறு பிள்ளைகளைப் பெற்றுத் தந்தார்.

என்னை மிகவும் ஈர்ப்பது ஹார்லெமின் எருசலேம் பயணியர் சபைக்காக அவர் வரைந்த படம். இரண்டேமுக்கால் மீட்டர் நீளப் பலகை. பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஊரின் பெரிய வீட்டுக்காரர்கள். கையில் குருத்தோலை, பக்கத்தில் பெயர், குலச்சின்னம். ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இல்லை. ஒருவரும் மற்றவரை மறைக்கவும் இல்லை. வலமிருந்து மூன்றாவதாக நிற்பவர் ஸ்கோரலே. ஒரு குருவானவரின் மகன், தூரிகையாலும் பயணத்தாலும் மேட்டுக்குடியினரின் வரிசையில் சமமாக நின்றுவிட்டார். ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பின்னாளில் வரைந்த நகரக் காவல்படைக் குழுப் படங்களுக்கு முன்னோடி இதுதான் என்பது என் துணிபு.

பிற்காலத்தில் அவர் கவனம் நிலத்தின் பக்கம் திரும்பியது. பிறந்த ஊருக்கு அருகே கடல் ஏறி இறங்கும் ஸைப்பெ என்ற சதுப்பு வெளியைக் கரை கட்டி வயலாக்க, கூட்டாளிகளோடு 1552-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் உரிமைச் சாசனம் பெற்றார். கரை எழுந்தது, உடைந்தது, மீண்டும் எழுந்தது. எருசலேமின் மேடுபள்ளத்தை அளந்த கண்தான் இங்கே நீர்மட்டத்தையும் அளந்தது என்பேன். பக்தி ஒரு பெட்டியிலும் நிலம் இன்னொரு பெட்டியிலுமாக அவர் வாழவில்லை.

1562 டிசம்பர் 6 அன்று உட்ரெக்டில் காலமானார். நான்கே ஆண்டுகளில், 1566-ல், புரோட்டஸ்டன்டுகளின் சிலை உடைப்புக் கலகம் அவருடைய பலிபீட ஓவியங்களில் பலவற்றை அழித்தது. 1570-ன் பெருவெள்ளம் ஸைப்பெயின் கரையையும் கொண்டுபோனது. வயல் நிலைத்தது 1597-ல்தான். அங்கே இன்றும் விவசாயம் நடக்கிறது.

கலை வரலாறு படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். டச்சு ஓவியத்தை ரெம்பிராண்டிலிருந்து தொடங்காதீர்கள். ஹார்லெமின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து தொடங்குங்கள்.