குதிரையைப் போய்க் கேட்பதா?

(போடிநாயக்கனூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அகமலைப் பக்கத்திலும் குரங்கணிக்கு மேலேயும் சாலை எட்டாத ஊர்கள் உண்டு. காப்பியும் மிளகும் குதிரை முதுகில் இறங்குகின்றன. அரிசியும் உப்பும் அதே முதுகில் ஏறுகின்றன. பக்கத்தில் நடக்கிற மனிதனைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறங்க வெள்ளைக்காரன் கம்பிப்பாதை போட்டான். தேயிலைக்கு ஆகாயத்தில் வழி! குதிரைக்காரனுக்கோ வழுக்குப் பாறை.

அண்மையில் ஒரு தோழரைப் பார்க்கப் போனோம். வியாபாரி ஒருவரின் குதிரையைக் கூலிக்கு ஓட்டுகிறவர். மழை ஈரத்தில் குதிரை மிரண்டு பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். இரண்டு விரல் போய்விட்டது. வியாபாரியைக் கேட்டோம். "குதிரை மெரண்டதுக்கு நானாப்பா பொறுப்பு? குதிரையப் போய்க் கேளு" என்கிறார்!

மில் தொழிலாளத் தோழர்களே, உங்கள் கை சிக்கினால், "மிஷினைக் கேள்" என்று முதலாளி சொல்ல விடுவீர்களா? வேலையில் பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவன் நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்தது. இன்று அது 2020-ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. ஆனால் 1923 சட்டம் தொழில்களைப் பட்டியல் போட்டது. யானையைப் பழக்குகிறவர் அதில் உண்டு. பொதிக்குதிரைக்காரரை உள்ளே நுழைக்க வாதாட வேண்டும்! ஆபத்தான தொழிலைப் பட்டியலில் சேர்க்க மாநில அரசுக்கு அந்தச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. பொதிக்குதிரைக்காரர் என்று பேர் போட்டு எழுது என்பதே நமது கோரிக்கை.

கோரிக்கை வெல்லும்வரை உடம்பைக் காக்க வேண்டுமே! குதிரைக்கு இரண்டு பக்கமும் கண் தெரியும். நேர் பின்னால் தெரியாது. சத்தம் கொடுக்காமல் பின்னால் போகாதீர்கள். தோள் பக்கம் நில்லுங்கள். கயிற்றை மடித்துப் பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது. வயிற்றில் உதை பட்டால் வெளியே காயம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கசியலாம். அன்றே போடி ஆஸ்பத்திரிக்கோ, க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ இறக்கிவிடுங்கள். விழுந்தவனுக்கு முதுகு வலித்தால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். பலகையில் கிடத்தி, ஆடாமல் கட்டிக் கொண்டு வாருங்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. சின்னக் கீறலைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். சாணி வைத்துக் கட்டுகிற வைத்தியம் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் நம் ஆட்கள் கேட்பதில்லை!

குதிரை தன் சொந்தம் என்கிறவர்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் கைகொடுக்காது. அவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பெயரைப் பதிவு செய்ய முயலவேண்டும்.

காயம் பட்டவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கூலிக்குத் துண்டுச் சீட்டுகூடக் கொடுக்காத வியாபாரி என்றால், சுமந்த மூட்டையில் யார் மார்க்கு இருந்தது என்றாவது பார்த்து வந்து சொல்லுங்கள்.